விறாந்தையில் விட்டு வந்த ஓவன்

கல்முனையில் பயமே இல்லாத ஆள் என்று ஒருவரையும் காட்ட முடியாது. கடல் ஒரு தரம் ஊருக்குள் வந்து போன பிறகு, அலைச் சத்தம் கொஞ்சம் உரத்துக் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போகிறவர்கள்தான் எல்லாரும். ஆனால் பயத்தையே முதலாகப் போட்டுத் தொழில் செய்து, அதில் பேரும் எடுத்தவர் என்றால் அது முர்ஷித் ஒருவர்தான்.

பஸாரில் ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிய கடை அவருடையது. ஃபேன், பிளெண்டர், சோறு குக்கர் எல்லாம் திருத்துவார். ஆனாலும் அடுப்பெரிய வைத்தது மைக்ரோ ஓவன்தான். கத்தாரிலும் குவைத்திலும் உழைக்கிறவர்கள் கார்கோவில் போட்டு அனுப்பிய ஓவன் இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. கடற்காற்று அதைச் சும்மா விடுமா? உப்பு ஏறி வயர் முனைகள் பச்சை பிடிக்கும். ஒரு நாள் லைட் எரியும், தட்டுச் சுற்றும், ஃபேனும் இரையும். உள்ளே வைத்த கறி மட்டும் வைத்தபடியே குளிர்ந்து கிடக்கும். உடனே முர்ஷித்தைத் தேடுவார்கள்.

அவர் ஓவன் திறக்கும் அழகைப் பார்க்கவென்றே சிலர் கடை வாசலில் நிற்பதுண்டு. பிளக்கைக் கழற்றுவார். கழற்றியது போதாதென்று அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். காலில் றப்பர் செருப்பு, செருப்புக்குக் கீழே பலகை. இடது கையை இடுப்பில் கட்டிய சாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு ஒற்றைக் கையால்தான் உள்ளே தொடுவார். பிஸ்மி சொல்லுவார், சொன்னது தனக்கே கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்லுவார்.

“காக்கா, ஓவனத் திறக்கிறீங்களா, பாம்புக் கூடையத் திறக்கிறீங்களா?” என்று தையல் கடைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள்.

“பாம்பெண்டாச் சீறும், தம்பி. இது சீறாது” என்பார் முர்ஷித். அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

சும்மா வந்த பயமல்ல அது. தொழில் பழகிய காலத்தில் பாண்டிருப்பு மதுஷனும் அவரும் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். பிளக் கழற்றிக் கிடந்த ஓவனுக்குள் மதுஷன் இரண்டு கையையும் விட்டான். அடுத்த நொடி ஆள் சுவரோடு கிடந்தான். உயிர் தப்பியது பெரிய புண்ணியம். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. இப்போது போன் கார்ட் விற்கிறான். கரண்ட் இல்லாத பெட்டி ஒரு மனிதனைத் தூக்கி எறிந்ததைக் கண்ணால் கண்டவருக்கு, அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் நம்பிக்கை வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். முர்ஷித்துக்கு அடுப்பங்கரைதான் சோறு போட்டது. அதனால் நடுங்கிக்கொண்டே நாடினார்.

ஓவனுக்குள் கப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது. பால்மா டின்னில் பாதி அளவு. வீட்டுக் கரண்டைப் பல மடங்கு பெருக்கித் தனக்குள் தேக்கி வைப்பது அதுதான். ஒழுங்காக வேலை செய்யும் ஓவனில், தேங்கியதைச் சூடு உண்டாக்கும் பாகம் இழுத்துச் செலவழித்துவிடும். சூடாகாத ஓவனில் இழுக்க ஆளில்லை. பிளக்கைக் கழற்றினாலும் தேங்கியது தேங்கியபடியே கிடக்கும். மெல்ல வடிந்துபோக ஒரு சின்ன ஏற்பாடு உள்ளே உண்டு. பழைய சாமானில் அதை நம்பினால் மதுஷனின் கதிதான். சூடாகிற ஓவனைவிடச் சூடாகாத ஓவன்தான் ஆளைக் கொல்லும் என்று முர்ஷித் எல்லாரிடமும் சொல்லுவார். யாருக்கும் அது தலைக்குள் ஏறுவதில்லை. சூடே இல்லாதது எப்படிச் சுடும்?

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பெரிய பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் கப்பாசிட்டரின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு இரண்டு பக்கமும் கிளிப் வைத்த சிவப்பு வயர் ஒன்றை அந்த முனைகளில் மாட்டி, வேலை முடியும்வரை கழற்றாமல் விட்டுவிடுவார். “செவத்த வயர் ஏறினாத்தான் அது மௌத்து. அதுவரைக்கும் உசிரோட இரிக்கி” என்பது அவருடைய பேச்சு. ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே சாமானை அவரிடம்தான் கொடுத்தது. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லுவார்கள்: “முர்ஷித் காக்காட்டக் குடுங்க, அந்தப் பயந்த மனிசன் புழையா ஒண்டும் செய்யமாட்டார்.” அந்த ஒரு சொல்தான் அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை.

யானைக்கும் அடி சறுக்கும் என்றால், பூனைக்குச் சறுக்காதா?

சாய்ந்தமருதில், கடற்கரை வீதிக்குக் கிட்ட முனவ்வறாவின் வீடு. அவருடைய கணவர் மீராசா தோஹாவில் சமையற்காரராக இருந்தவர். ஊருக்கு வந்து சேர்ந்து, கொண்டு வந்த பெட்டிகளை முழுதாகப் பிரிக்க முன்னமே நெஞ்சு வலி வந்து மௌத்தாகிவிட்டார். முனவ்வறா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. தேவைக்குத் திரைக்குப் பின்னால் நின்று பேசலாம், தப்பில்லை என்று மௌலவிமார் சொல்லுவார்கள். ஆனால் எங்கள் பெண்கள் மௌலவிக்குப் பயப்படுவதைவிடப் பக்கத்து வீட்டுக்குப் பயப்படுகிறவர்கள். இத்தாவில் இருக்கிறவரின் குரல்கூட மதிலைத் தாண்டிக் கேட்கக்கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

மகள் பஸ்னா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்; அவளுடைய புருஷன் குவைத்தில். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவாள்; பகலில் தாய், மீராசா தோஹாவில் பாவித்துக் கடைசியாகக் கொண்டு வந்த ஓவனில் சூடாக்கிச் சாப்பிடுவார். அந்த ஓவன் ஓடிக்கொண்டே குளிரத் தொடங்கியது. கடைக்குத் தூக்கிப்போக வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. முர்ஷித்தைக் கூப்பிட்டால், அவர் வரும் நேரம் பஸ்னா வீட்டில் நிற்க வேண்டும். இரண்டு தரம் நாள் குறித்து இரண்டு தரமும் தவறியது. கடைசியில் ஒரு புதன்கிழமை பஸ்னா ஷோட் லீவு எடுத்தாள்.

அன்றைக்கு விடியற்காலையில்தான் பக்கீர் மாமா மௌத்தானார். முர்ஷித்தின் மனைவி றுஸ்தாவின் தாய்க்குத் தம்பி அவர். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை போய்ப் பெண் வீட்டில்தான் இருப்பார். றுஸ்தாவின் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முர்ஷித் முன்னால் நிற்க வேண்டும். நின்றார். கதிரை அடுக்கினார், கபன் துணிக்கு ஓடினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்ததும், இடையில் கிடைத்த நேரத்தில் பஸ்னாவின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். லீவு எடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையை எப்படி மூன்றாம் தரமும் ஏமாற்றுவது?

விறாந்தையில் ஒரு முக்காலியின் மேல் ஓவனை வைத்திருந்தாள் பஸ்னா. நடுக்கதவில் தடித்த திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடும் சத்தம் மட்டும் கேட்டது. முர்ஷித் அந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்தார்.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பிளக் மடிக்கு வந்தது. வெளித் தகடு கழன்றது. தட்டினார், சிவப்பு வயரை மாட்டினார், மீற்றரை எடுத்துப் பார்த்தார். ஃபியூஸ் நல்லது. கதவுச் சுவிட்சுகள் நல்லது. சூடாக்கும் பாகத்துக்குப் போகும் வயரின் முனை உப்பில் வெந்து கிடந்ததைக் கண்டதும் அவருக்குப் பாதி நிம்மதி. சுரண்டிவிட்டு மாட்டினார். சரிவந்ததா என்று பார்க்க வேண்டுமே. சிவப்பு வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து, பிளக்கைக் குத்தி ஓட விட்டுவிட்டு முற்றத்து வளவின் மறுகரைக்குப் போய் நின்றார். மணி அடித்து நின்றது. பிளக்கைக் கழற்றினார். தண்ணீர் குளிராகவே இருந்தது.

வயர் முனை சரிவரவில்லை. இனி மறுபடியும் தட்ட வேண்டும், மறுபடியும் மாட்ட வேண்டும். சிவப்பு வயரை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வயருக்குப் பதிலாகப் போன்தான் கையோடு வந்தது.

“இஞ்சாருங்க, எங்க நிக்கிறீங்க?” றுஸ்தாவின் குரல் பதறியது. “அஸருக்கில்லையாம், பகல் ளுஹரோடயே எடுக்கப் போறாங்களாம். மழை பிடிச்சாக் கபுறுக்குள்ள தண்ணி ஊறிடுமெண்டு பயப்பிடுறாங்க. உம்மாட தம்பிட மையித்துக்கு வீட்டு மாப்பிள இல்லாட்டி ஆக்கள் என்ன கதைப்பாங்க? கெதியா வாங்களன்!”

முர்ஷித் நிமிர்ந்து பார்த்தார். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாமான்களைப் பைக்குள் வாரிப் போட்டு, பையை முக்காலியடியிலேயே வைத்தார்.

“புள்ள, வேல முடியல்ல. ஜனாஸாவ அடக்கிட்டு வாறன். அப்படியே கிடக்கட்டும்.”

“நானும் பள்ளிக்கூடம் போகணும் காக்கா, லீவு முடியப் போகுது. பின்னேரம் வாங்களன்” என்று பஸ்னா ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டு வந்து ஓவனின் மேல் போர்த்தினாள்.

அப்படியே கிடக்கட்டும் என்று சொன்னவர், ஏன் என்று சொல்லவில்லை. தொடவேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கே அப்போது தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் பயந்த மனிதன், வேறொரு பயம் குறுக்கே வந்ததும் முதல் பயத்தை விறாந்தையிலே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

தொழுகை முடிந்து, மையித்து வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றி, கடற்கரையோரம் உள்ள மையவாடிக்கு நடந்து போனார்கள். கபுறு மணலில் வெட்டியது; அடியில் ஏற்கனவே ஈரம் மினுங்கியது. மையித்தை இறக்கி வைத்து, பலகை அடுக்கும்போதே முதல் துளி விழுந்தது. பெரிய துளிகள். கூட்டம் குடையை விரித்தது. முர்ஷித் தலையில் கட்டிக்கொள்ள லேஞ்சுத் துண்டை எடுக்கலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

கையில் சிவப்பு வயர் வந்தது.

முதலில் அது என்னவென்றே அவருக்கு விளங்கவில்லை. இது ஏன் இங்கே கிடக்கிறது என்று பார்த்தார். பிறகு விளங்கியது. காதுக்குள் மழை கேட்கவில்லை, துஆ கேட்கவில்லை. வயர் இங்கே இருந்தால் அது அங்கே உசிரோடு இருக்கிறது.

பஸ்னாவுக்குப் போன் எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வகுப்புக்குள் நிற்பாள், போன் பைக்குள் கிடக்கும். றுஸ்தாவுக்கு எடுத்தார். மையித்து வீட்டில் யாசீன் ஓதுகிற பெண்களுக்கு நடுவில் யார் போனைத் தூக்குவது? போன் கை தவறி மணலில் விழுந்தது, எடுத்துக் கொண்டார். மூன்று பிடி மண் போட ஆட்கள் வரிசையாகக் குனிந்த நேரம், வீட்டு மாப்பிள்ளை முர்ஷித் கபுறடியை விட்டு ஓடத் தொடங்கினார்.

“டேய், எங்க போறாய்?” என்று றுஸ்தாவின் மூத்த காக்கா கத்தியது முதுகில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் பள்ளிவாசலடியில் நின்றது. அதை எடுக்கப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரை வீதியால் ஓடினார்.

ஓடும்போது மனம் ஒரு நல்ல காரணத்தைத் தேடியது. முனவ்வறா ராத்தா இத்தாவில் இருக்கிறார். விறாந்தை வீதியைப் பார்த்துக் கிடக்கிறது. எந்த இத்தாப் பெண் பட்டப்பகலில் விறாந்தைக்கு வருவார்? வரமாட்டார். அல்லாஹ்வே, வரமாட்டார். இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார்.

மழை சோவென்று இறங்கியது. வீதியில் ஒரு குருவி இல்லை. அப்போதுதான் அவருக்கு மற்றது உறைத்தது. மழை வீதியைக் காலி பண்ணிவிட்டது. ஆளில்லாத வீதிக்கு யார் பயப்படுவது? அந்த விறாந்தை கிழக்குப் பார்த்தது. கடல் மழை சாய்ந்து நேராக உள்ளே அடிக்கும். மனிசன் கடைசியாகக் கொண்டு வந்த சாமான் நனைவதை எந்தப் பெண் திரைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்? வருவார். ஈரத் தரையில் வெறுங்காலோடு வருவார். இரண்டு கையாலும் தூக்குவார். தகடு கழற்றிய ஓவனில் கை எங்கே போகும்?

சுவரோடு கிடந்த மதுஷனின் முகம் அவருக்கு முன்னால் வந்தது. அவன் இளந்தாரி, அதனால் தப்பினான். முனவ்வறா ராத்தாவுக்கு ஐம்பது வயது; கணவன் போன துக்கத்தில் சாப்பாடும் இல்லாமல் மெலிந்த உடம்பு. “யா அல்லாஹ், என்ட கையால ஒரு மௌத்த எழுதிடாத” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினார். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனதுகூட அவருக்குத் தெரியாது.

கேற்றைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வந்தார். விறாந்தை மழையில் தோய்ந்து கிடந்தது. முக்காலி இருந்தது. ஓவன் இல்லை. விரிப்பும் இல்லை.

“ராத்தா!” என்று கத்தினார். “ராத்தா, அதத் தொடாதீங்க! அதுக்குள்ள கரண்ட் இரிக்கி!”

பதில் இல்லை. தகரக் கூரையில் மழை அடித்தது.

“ராத்தா! ஒரு சத்தம் தாங்க! முர்ஷித் நான், ஓவன் செய்ற ஆள்!”

ஒன்றுமில்லை. திரை ஈரமாகத் தொங்கியது.

அந்த நிலைமை எந்த மனிதனுக்கும் வரக்கூடாது. உள்ளே இருக்கிறவர் இத்தாவுக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறாரா, மௌத்தாகிக் கிடக்கிறாரா? இரண்டுக்கும் வெளியில் ஒரே மௌனம்தான். உயிரோடு இருந்தால், திரையைத் தாண்டுவது அவரை ஊர் வாயில் போடுகிற வேலை. மௌத்தாகிக் கிடந்தால், இங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் பாவம். பக்கத்து வளவு நஸீறாவைக் கூப்பிடலாம். பெண்ணுக்குப் பெண் உள்ளே போகலாம். வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார். விழுந்து கிடக்கிறவரைக் கண்டால் எந்தப் பெண்ணும் ஓடிப்போய்க் கட்டிப் பிடிப்பாள்; ஓவனில் கை படும்; ஒரு மையித்து இரண்டாகும். உள்ளே போகத் தெரிந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

முக்காலியடியில் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு, பிஸ்மி சொல்லவும் மறந்து திரையை விலக்கினார்.

உள்ளே இருட்டு. மழை இருட்டில் கண் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், பிரித்த விரிப்பின் மேல் ஓவன் தரையில் இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு குவியல். வெள்ளைத் துணி. அதன் ஒரு முனை ஓவனின் விளிம்பில் தொங்கியது.

முர்ஷித் தரையில் குந்தினார். மௌத்துச் செய்திக்குச் சொல்லும் “இன்னாலில்லாஹி”யை அவருடைய வாய் தானாகச் சொன்னது. மதிலுக்கு அந்தப் பக்கம் உலகம் இருந்ததா என்றே அவருக்குத் தெரியவில்லை. தவழ்ந்துதான் கிட்டப் போனார். துணியைத் தொடக் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடியும் நீட்டினார். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. வெறும் துணி. பெண்கள் தலையில் போடும் கவணி. அதற்குள் ஆள் இல்லை.

ஆள் எங்கே என்று யோசிக்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. முதலில் இதைக் கொல்ல வேண்டும். பையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இடது கையைச் சாரத்துக்குப் பின்னால் செருகினார். ஈரத்தில் நிற்காமல் ஒரு கதிரையில் ஏறிக் குந்திக்கொண்டு, வலது கையைக் கீழே இறக்கி, இரண்டு முனையையும் சேர்த்துத் தட்டினார்.

வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம் அந்தக் கூடம் முழுதும் அடித்து மறைந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனி உருகிக் கறுத்தது.

“யா ரஹ்மானே!” என்று அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அலறியது.

முர்ஷித் அப்படியே கதிரையிலிருந்து தரையில் இறங்கி உட்கார்ந்தார். அந்தக் குரலைக் கேட்டு அவர் அழுதார். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதார். உயிர் போய் உயிர் வந்தது என்பார்கள். அவருக்குப் போனதும் வந்ததும் வேறு யாருடையதோ உயிர். அழுதுகொண்டே சிவப்பு வயரை எடுத்து மாட்டினார். கிளிப் இரண்டு தரம் நழுவியது.

அறைக் கதவு மூடிக் கிடந்தது. அதற்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, முனவ்வறா பேசினார்.

“தம்பி, அது என்ன சத்தம்?”

“உள்ளுக்குக் கிடந்த கரண்ட் ராத்தா. நான் எடுத்துவிடாமப் போயிட்டன். என்ட புழை.” மூக்கைத் துடைத்தார். “நான் அவ்வளவு கூப்பிட்டன். ஏன் ராத்தா பதில் சொல்லல்ல?”

“இத்தாவில இரிக்கன், தம்பி.”

அதற்கு மேல் என்ன கேட்பது?

“சாரல் அடிச்சிச்சி” என்றார் முனவ்வறா. “றோட்டுல ஆளில்ல. விரிப்போட கட்டித் தூக்கிக் கொண்டு வந்து உள்ளுக்கு வெச்ச. பாத்தா உள்பக்கம் தண்ணி தெறிச்சிருந்த. கவணியால துடைப்பமெண்டு கையக் கொண்டு போன. அந்த நேரம்தான் வாசல்ல ஆம்புளச் சத்தம் கேட்ட. நீங்க என்ன சொன்னீங்களெண்டு மழைக்குள்ள ஒண்டும் விளங்கல்ல. கவணியையும் போட்டுட்டு உள்ளுக்கு ஓடின.”

முர்ஷித் தரையைப் பார்த்தபடி இருந்தார். தொடாதீங்க என்று அவர் தொண்டை கிழியக் கத்தியது முனவ்வறாவைக் காப்பாற்றவில்லை. ஓர் ஆணின் சத்தம் என்ற பயம் காப்பாற்றியிருக்கிறது. என்ன கத்தியிருந்தாலும், மீன் விற்கக் கத்தியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

“துடைச்சிருந்தா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

பொய் சொல்ல ஒரு சொல் நாக்கு வரைக்கும் வந்தது. “மௌத்தாகியிருப்பீங்க, ராத்தா” என்றார்.

பிறகு முனவ்வறா கேட்டது சாவைப் பற்றி அல்ல.

“தம்பி, நீங்க உள்ளுக்கு வந்தத ஆரும் கண்டாங்களா?”

முர்ஷித் திரையைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தார். பக்கத்து வளவு மதிலுக்கு மேலே ஒரு குடை நின்றது. குடைக்குக் கீழே நஸீறா. வெடிச் சத்தத்துக்கு ஓடி வந்திருக்க வேண்டும். இத்தா வீட்டின் திரைக்குள்ளிருந்து, மடித்துக் கட்டிய சாரமும் நனைந்த தலையுமாக ஓர் ஆணின் முகம் எட்டிப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். அது இனி அந்தி மஃரிபுக்கு முன் சாய்ந்தமருது முழுக்கப் போய்ச் சேரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“நஸீறா ராத்தா கண்டிட்டா” என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. கணவனுக்காக அழுது தீர்ந்த குரலில் மிச்சமிருந்த அழுகை. “பஸ்னாட புருஷன் வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க? நான் எத்தின நாள் இந்த அறைக்குள்ள கிடந்து காப்பாத்தின பேரு, தம்பி.”

முர்ஷித் யோசித்தார். மழைக்கு ஓவனை உள்ளே எடுத்து வைத்தேன் என்று சொல்லலாம். யாரும் நம்ப மாட்டார்கள்; மழைக்கா ஜனாஸாவை விட்டு ஓடி வந்தாய் என்று கேட்பார்கள். இந்தப் பெண்ணின் பேரைக் கழுவ ஒரே ஒரு கதைதான் உண்டு, நடந்த கதை. அதைச் சொன்னால் பயந்த மனிசன் புழையா ஒண்டும் செய்யமாட்டார் என்ற பேர் அந்த நிமிடத்தோடு சரி. கடையும் சரி. அந்தப் பயம் அவருடைய நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. மதுஷனைக் கண்ட பயத்துக்கு அது சற்றும் குறையவில்லை. அதை வைத்துக்கொண்டே அவர் வெளியே வந்து, மழைக்குள் நடந்து மதிலடிக்குப் போனார்.

“ராத்தா, கேளுங்க” என்றார். வீதிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். “காலையில நான் இந்த ஓவன அரைகுறையில போட்டுட்டுப் போன. ஆளக் கொல்ற கரண்ட் அதுக்குள்ள கிடந்த. எடுத்துவிட மறந்திட்டன், தொடாதீங்க எண்டு சொல்லவும் இல்ல. கபுறடியிலதான் ஞாபகம் வந்த. வாசல்ல நிண்டு கூப்பிட்டன், அவ இத்தாவெண்டு பதில் தரல்ல. மௌத்தாகிட்டா எண்டு நினைச்சித்தான் உள்ளுக்குப் போன. அவ அறைக்குள்ள கதவ அடைச்சிக்கிட்டு இரிக்கா. நான் அவட முகத்தக் காணல்ல.”

நஸீறா குடையைச் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “அப்ப அந்தச் சத்தம்?”

“அதுதான் அந்தக் கரண்ட்.”

“அது முனவ்வறால பட்டிருந்தா?”

“இந்நேரம் நீங்க மையித்துக் குளிப்பாட்ட வந்திருப்பீங்க. என்னாலதான்.”

நஸீறா வாயிலிருந்து கையை எடுத்தாள். ஒரு கிழமைக்கு முன் தன்னுடைய ஓவனையும் அவரிடம்தான் கொடுத்திருந்தாள். அது ஞாபகத்துக்கு வந்ததை முகமே காட்டியது.

“நான் இதக் கேக்கிற ஆக்களுக்கெல்லாம் இப்படியே சொல்லவா, காக்கா?”

“சொல்லுங்க. ஒரு சொல்லும் குறைக்காமச் சொல்லுங்க.”

“அப்ப என்ட ஓவனத் தொடாதீங்க” என்றாள் நஸீறா. “பின்னேரம் ஆளனுப்பி எடுக்கன்.”

“ஓம் ராத்தா, எடுங்க” என்றார் முர்ஷித்.